கலவரத்தில் போகாத கொப்பிகள்

எங்கள் அம்மாவின் ஓராண்டு நினைவாக உங்கள் கைகளுக்கு வரும் இந்த மலரில் அவரது படம் இருக்கிறது. அவர் விரும்பிச் சொன்ன செபங்கள் இருக்கின்றன. அவர் எழுதிய ஒரு வரிகூட இல்லை. "எழுதுற மனுசிக்கு மலர் போடுறீங்கள், அவவின்ர கதை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்ட உறவினருக்கு என் பதிலை இங்கே சொல்கிறேன்.

அம்மா மட்டக்குளியில், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். தம்பி தங்கையரைப் பார்க்க ஆள் வேண்டியிருந்ததால் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில், கிளார்க்காக இருந்த எங்கள் அப்பாவைக் கைப்பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும்தான் வீடு. வெளியே பதினாறு வீடுகளுக்கு ஒரே தண்ணீர்க் குழாய். காலைப் பூசை, சமையல், எங்கள் இருவரின் பள்ளிக்கூடம், மாலைச் செபமாலை என்று ஓடிய நாட்களுக்குள் அவர் எழுதவும் செய்தார்.

எழுதுவதற்கென்று அம்மா கொப்பி வாங்கியதில்லை. வகுப்பு முடிந்ததும் என் கொப்பியையும் தம்பியின் கொப்பியையும் எடுத்து, தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதுவார். முன்னால் எங்கள் கணக்கும் பூமிசாத்திரமும், பின்னால் அவரது கதை. பருப்புக் கறி அடிப்பிடித்திருந்தால் அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இண்டைக்குக் கதை நல்லா வந்திருக்குப் போல" என்பார். குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க வரும் ஒரு பெண்ணைப் பற்றிய நாவல் அது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். ஒன்பது வருடம், பதினொரு கொப்பிகள். வாசிக்கத் தாருங்கள் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. வீட்டு வேலைகளில் அதுவும் ஒன்று என்றே நினைத்திருந்தோம்.

தமிழர் வீடுகளைச் சூறையாடிய கலவரம் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கோயிலுக்கு ஓடினோம். அம்மா ஒரு கையில் தம்பியையும் மறு கையில் சேலையில் கட்டிய மூட்டை ஒன்றையும் பிடித்திருந்தார். அவிழ்த்துப் பார்த்தால் கொப்பிகள். "பிள்ளையளுக்கு மாத்துடுப்பு ஒண்டும் எடுக்கேல்லையே!" என்று அப்பா கோபித்துக்கொண்டார். திரும்பி வந்தபோது வீட்டில் தையல் மெசினும் இல்லை, ரேடியோவும் இல்லை. கொப்பிகள் ஒன்றுகூடக் குறையாமல் அலுமாரிக்குப் போய்ச் சேர்ந்தன.

இரண்டு வருடம் கழித்து நாவல் முடிந்தது. கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் அதை அச்சிட வழி பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். "நத்தார் முடியட்டும், நல்ல கொப்பியில பாத்தெழுதிக் குடுக்கிறன்" என்றார் அம்மா.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய புதன்கிழமை அம்மா கோயிலில் நவநாள் செபத்துக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் வீட்டைத் துப்புரவாக்கி அவரைச் சந்தோசப்படுத்த நினைத்தேன். தெருவில் பழையது வாங்கும் போத்தல் பேப்பர்காரனின் சத்தம் கேட்டது. அலுமாரியின் கீழ்த்தட்டில் பழைய பள்ளிக்கூடக் கொப்பிகள் கிடந்தன. அம்மாவின் கொப்பிகள் அந்தச் சேலை மூட்டைக்குள்தான் இருக்கும் என்பது என் நினைப்பு. பார்த்தெழுதுவதற்காக அவர் அவிழ்த்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. மேலே இருந்ததைத் திறந்தேன், என் மூன்றாம் வகுப்புக் கணக்கு. பின்னால் திருப்பிப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் நிறுத்துக் கொடுத்து, கிடைத்த சில்லறையில் பாலன்குடிலுக்கு மினுக்குத்தாள் வாங்கினேன்.

"பிள்ளை, இதில கிடந்த கொப்பியள் எங்க?"

"பேப்பர்காரனுக்குப் போட்டிட்டன் அம்மா. தட்டு இப்ப எவ்வளவு வடிவா இருக்கு, பாருங்கோ."

அம்மா என்னை அடிக்கவில்லை. முக்காட்டைக்கூடக் கழற்றாமல் தெருத் தெருவாக அவனைத் தேடினார். மறுநாள் அவனைப் பிடித்து, அவன் காட்டிய புறக்கோட்டைப் பழைய பேப்பர்க் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "ஏவா ஒக்கொம கியா நோனா" என்று முதலாளி சிங்களத்தில் சொல்லிக் கைவிரித்தார். எல்லாம் போய்விட்டன. கடதாசிப் பை ஒட்டுகிறவர்கள் விடியவே வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

அதன் பிறகு அம்மா எழுதவில்லை. எங்கே கடலை வாங்கினாலும் முதலில் சுருளை விரித்து, இரண்டு பக்கமும் வாசித்துவிட்டுத்தான் சாப்பிடுவார். காலிமுகத்திடலில் அதைப் பார்த்து நீங்களும் சிரித்திருப்பீர்கள். அவர் எதைத் தேடினார் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த ஈஸ்டருக்கு வந்திருந்த வெள்ளவத்தைச் சித்தி சாப்பாட்டின் நடுவே கேட்டார்: "அக்கா, அந்தக் கதை என்ன மாதிரி?" அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அது கலவரத்தில போயிட்டுது." அந்தச் சொல்லுக்குப் பிறகு எங்கள் ஆட்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. அடுத்த சனிக்கிழமை அம்மா சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். யாராவது கேட்டு அதே பொய்யைச் சொன்ன ஒவ்வொரு முறையும் போனார். நான் செய்ததற்கு அவர் முழந்தாளிட்டார். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொல்லாத. அறியாத பிள்ளை செய்ததைச் சனம் நாப்பது வருசம் கதைக்கும். கலவரத்தின்ர தலையில எத்தினையோ பாவம் கிடக்கு, இதையும் சுமக்கட்டும்."

நான் கீழ்ப்படிந்தேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

கடைசி மாதங்களில் அம்மா படுக்கையாகிவிட்டார். நல்ல தடித்த கொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு போய், "ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்கோ அம்மா, நான் எழுதுறன்" என்றேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பழக்கத்தில் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்தைத் திறந்தார். வெற்றுத்தாளின் மேல் வரியில் விரலை வைத்தார்.

"அவளின்ர பேர் எனக்கு மறந்து போச்சு பிள்ளை."

அப்போதுதான் அம்மா அழுதார். ஒன்பது வருடம் கூடவே வைத்திருந்த பெண்ணின் பெயர். நான் ஒரு பக்கமாவது வாசித்திருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். பத்து நாட்களில் அம்மா போய்விட்டார்.

கடவுள் எப்போதோ மன்னித்துவிட்டார் என்று பங்குச் சுவாமி சொல்கிறார். கடவுள் அந்த நாவலை வாசித்திருப்பார், நான் வாசிக்கவில்லை. இந்த ஒரு வருடத்தில் எனக்கு எந்த ஆறுதலும் வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை.

அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டிய அடுத்த வீட்டு மாமிக்கும், நற்கருணை கொண்டுவந்த சுவாமிக்கும், மருந்து தந்து பார்த்த வைத்தியருக்கும் தாதியருக்கும், மழையிலும் அடக்கத்துக்குச் சேமக்காலை வரை வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. அம்மாவின் சொல்லை நம்பிய உங்களிடம் மன்னிப்பும் கேட்கிறேன். அந்தக் கொப்பிகள் கலவரத்தில் போகவில்லை. நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

இந்த மலரின் கடைசி இரண்டு பக்கங்களும் வெறுமையாக இருப்பது அச்சகத்தின் பிழையல்ல. அம்மா பின்னாலிருந்துதான் எழுதத் தொடங்குவார்.

மகள்