டாப் கியர் இல்லாத கம்ப்யூட்டர்

எங்கள் அப்பா லாரி ஓட்டியவர். எந்த இயந்திரமானாலும் டாப் கியர் போட்டு மிதித்தால் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. சிங்கப்பூரிலிருந்து மாமா அனுப்பிய, டிவியில் செருகி ஓட்டும் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அதில்தான் அக்கா, எந்த லாரிக்கு எந்த லோடு என்று காட்டும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் முதலாளி, "எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டு சாமி, வேலை உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். ஆனால் புரோகிராமைப் பதிந்து வைத்திருந்த எங்கள் கேசட் அவருடைய கம்ப்யூட்டரில் ஏறாது. எங்கள் கம்ப்யூட்டரையும் டிவியையும் அவர் ஆபீசுக்கே தூக்கிப்போய், இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே கேபிள் மாட்டி, புரோகிராமை எழுத்தெழுத்தாக அனுப்ப வேண்டும். கேபிள் முனையின் திருகு எங்கோ விழுந்துவிட்டதால், அதை ஆடாமல் பிடிக்கும் பொறுப்பு எனக்கு.

அக்கா வேகத்தைக் குறைத்து வைத்தாள். எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"ஏஞ்சாமி, மேட்டுல லோடு வண்டி போறாப்பல உருட்டற? டாப் கியரப் போடு!"

அக்கா தயங்கிவிட்டு, வேகத்துக்கு இருந்ததிலேயே பெரிய எண்ணைப் போட்டாள். அடுத்த கணம் முதலாளியின் திரை முழுக்கக் கட்டம், கோடு, கேள்விக்குறி.

என் கை வியர்வைதான் கேபிளுக்குள் இறங்கிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்காவின் வேலை போச்சு, முதலாளியின் கம்ப்யூட்டர் போச்சு, அடுத்தது போலீஸ். மூச்சை அடக்கினேன், ஒன்றுக்கு வந்ததையும் அடக்கினேன். "நான் ஆட்டலீங்க!" என்று யாரும் கேட்காமலே முதலாளியிடம் வாக்குமூலம் கொடுத்தேன்.

"நீ சும்மா இருடா" என்ற அக்கா, அப்பாவிடம் திரும்பினாள். "இந்த வண்டிக்கு டாப் கியரே இல்லீங்கப்பா. மெதுவாத்தான் போவோணும். செத்த பேசாம உக்காருங்க."

அப்பா உட்கார்ந்தார்.

அந்தப் பெட்டியில் கேபிள் வேலைக்கென்று தனிச் சில்லு கிடையாது. திரையில் படம் காட்டவும் எழுத்தை அனுப்பவும் ஒரே மூளைதான், அவசரப்படுத்தினால் அதற்குக் கணக்குத் தப்பி எழுத்து சிதறும் என்பதெல்லாம் நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அக்கா முதலிலிருந்து மெதுவாக அனுப்பினாள். முதலாளி டீ வரவழைத்தார், ஆறிப்போனதும் இன்னொன்று வரவழைத்தார். கடைசியில் அவர் திரையில் லாரிகள் வரிசையாக வந்து நின்றன.

"நாளைக்கே வந்துரு சாமி."

வீடு வரும்வரை, கேபிளை நான் பிடித்த அழகைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அப்பா சிரித்தபடி வண்டியை ஓட்டினார். அவரைப் பேசாமல் உட்காரச் சொன்ன முதல் ஆள் அக்காதான் என்பதும், அது அவருக்குப் பிடித்திருந்தது என்பதும் அப்போது எனக்கு விளங்கவில்லை. என் வீரத்தைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.