பஞ்சு தானாக வராது என்றவர்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, விம்பிள்டன் நிலையத்தில் வேலைக்குப் போகும் ரயிலுக்காகக் காத்து நின்றபோது துளசியின் அழைப்பு வந்தது. "மாமா, அம்மா விடியக்காலமை போயிட்டா" என்றார். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. இரண்டு ரயில்களைப் போகவிட்டு மூன்றாவதில் ஏறினேன். ஆறு மாதமாக நோயில் இருந்தவர்தான், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் அவரிடம் சொல்லவேண்டியதை நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தவனுக்கு, இனி நாளை இல்லை என்பது அந்த மேடையில்தான் உறைத்தது.

துளசியின் தாயார் மனோன்மணி அவர்களும் நானும் லண்டனில், தேம்ஸ் கரையோரமாக உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் ஒன்றாக வேலை செய்தோம். அதன் பெயர் இங்கே அவசியமில்லை. பழைய நீராவி இயந்திரங்களும் நெசவுத் தறிகளும் நிறைந்த இடம். நாங்கள் இருவரும் காட்சிக்கூடக் காவலர்கள். யாரும் இயந்திரத்தில் கைவைக்காமல் பார்ப்பதும், கழிப்பறை எங்கே என்று கேட்பவர்களுக்கு வழி சொல்வதுமே எங்கள் வேலை. நான் ஏஜென்சி மூலம் போனவன். எனக்கு முன்பே அவர் அங்கே நிரந்தர ஊழியராக இருந்தார்.

முதல் நாளே என்னிடம், "தம்பி, எந்த ஊர்?" என்று உரக்கக் கேட்டார். கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மானிப்பாய் என்றேன். "நான் பருத்தித்துறை. எனக்கு இடக்காது சரியாக் கேளாது, அதாலதான் சத்தமாக் கதைக்கிறன். கோவிக்கிறன் எண்டு நினையாதையும்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் மனோ அக்கா.

அந்தக் காதை அவர் இழந்தது ஜேர்மனியில். யாழ்ப்பாணத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி, போரினால் பாதியில் விட்டு, கணவருடன் ஜேர்மனிக்கு அகதியாகப் போனவர். அங்கே ஒரு சிறு நகரத்து நூற்பாலையில், ஆலை மூடப்படும்வரை, அந்த இரைச்சலுக்குள் வேலை செய்தார். பிறகு குடும்பம் லண்டனுக்கு வந்து தோர்ண்டன் ஹீத்தில் குடியேறியது. அதனால் எங்கள் காட்சிக்கூடத்தில் இருந்த இயந்திரங்களைக் கையால் அறிந்தவர் அவர் ஒருவர்தான். ஒருமுறை பொறியியலாளர் ஒருவர் விசைத்தறியை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது, நூல் அறுபடப் போகிறது என்று இவர் தூரத்தில் நின்றபடியே சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, அறுந்துவிட்டது.

இயந்திரங்களை அவர் வெறுக்கவில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பின்னாளில் அப்படித்தான் அவர்மேல் குற்றம் சாட்டினார்கள். "எவ்வளவு மூளை போட்டுச் செய்திருக்கினம் பாரும்" என்று வியப்பார். அவருக்கு இருந்தது ஒரேயொரு கேள்வி. மதிய இடைவேளையில் சோற்றுப் பெட்டியைத் திறந்துவைத்தபடி அதை எனக்கு விளங்கப்படுத்துவார்.

"மெஷின் நிண்டால் முதலாளிக்கு நட்டம். நிக்காமல் ஓடவேணுமெண்டால் பஞ்சு நிக்காமல் வரவேணும். நெய்த துணி நிக்காமல் விக்கவேணும். ரெண்டுக்கும் ஆரோ ஒருத்தற்ர நாடு வேணும், இல்லையோ? முந்தி இந்த வெள்ளைக்காரர் எங்கட பக்கம் துணி வாங்கத்தான் வந்தவை. மெஷின் வந்த பிறகு துணி விக்க வந்தவை. எங்கட ஊரின்ர பேரைப் பாரும். பஞ்சு ஏத்தின துறையாம். இப்ப பேர் மட்டும்தான் மிச்சம்."

நான் சும்மா தலையாட்டுபவன் அல்ல. "அதுக்காக, ரயில் போட்டவை தானே அக்கா?" என்று ஒருநாள் மறித்தேன்.

"ஓம், போட்டவை. நல்ல விசயம்தான். ஆனா முதல் எங்க போட்டவை எண்டு பாரும். கண்டிக்கு, கோப்பி இறக்க. யாழ்ப்பாணத்துக்கு அந்த ரயில் வர எத்தினை வரியம் எடுத்தது? ஆபிரிக்காவிலயும் அப்பிடித்தான். சுரங்கத்தில இருந்து துறைமுகத்துக்கு ஒரு கோடு. பக்கத்துப் பக்கத்து ஊருக்குப் போகேலாது, கப்பலுக்குப் போகலாம்."

"அப்ப எல்லாத்துக்கும் மெஷின்தான் காரணமோ?"

சோற்றுப் பெட்டியை மூடினார். "இல்லை. நாடு பிடிக்கிற ஆசை முந்தியும் இருந்தது. மதம், போட்டி, மரியாதை எண்டு ஆயிரம் இருந்தது. ஆனா மெஷின் இல்லாட்டில் அந்த ஆசைக்கு இவ்வளவு நீளமான கை வந்திராது."

இவை இருவருக்கிடையிலான சாப்பாட்டு நேரப் பேச்சாகவே இருந்திருந்தால் எதுவும் நடந்திராது. பார்வையாளர்கள் கேட்டால் அவர்களுக்கும் சொல்வார். ஒரு சனிக்கிழமை, வயதான ஆங்கிலேயர் ஒருவர் மனைவியுடன் வந்து விசைத்தறியின் முன் நெடுநேரம் நின்றார். தறியின் பக்கத்தில் இருந்த விளக்கப் பலகையில், "இந்த இயந்திரம் உலகுக்கு உடை கொடுத்தது" என்று எழுதியிருந்தது. தன் கொள்ளுப் பாட்டியார் இப்படியொரு ஆலையில் வேலை செய்தவர் என்று அவர் பெருமையோடு சொன்னார். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது, தானும் ஆலையில் வேலை செய்தவள் என்றார். பிறகு அந்தப் பலகையைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார். நான் பத்து அடி தள்ளி நின்றேன். அவர் சொன்னது இதுதான்:

"ஐயா, இந்தப் பலகை பாதியைத்தான் சொல்கிறது. இதற்குப் பஞ்சு அமெரிக்காவில் அடிமைகளின் கையால் வந்தது, பிறகு இந்தியாவிலும் எகிப்திலும் இருந்து வந்தது. இதன் சக்கரங்களுக்குப் பூசிய பாம் எண்ணெய் மேற்கு ஆபிரிக்காவில் இருந்து வந்தது. முதலில் அந்த எண்ணெயை வாங்கினார்கள். பிறகு விலையைத் தாங்களே சொல்ல விரும்பினார்கள். அதற்காக நீராவிப் படகில் பீரங்கி ஏற்றி ஆற்றின் வழியே உள்ளே போனார்கள். உங்கள் பாட்டியாருக்கு இதில் எந்தப் பங்கும் கிடைத்திராது. அவர் பெயரும் இந்தப் பலகையில் இல்லை."

அந்த மனிதர் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை முறைப்பாடு வந்தது. ஊழியர் ஒருவர் தன்னைப் பார்த்துக் கத்தினார், தன் குடும்பத்தைக் கொள்ளைக்காரர் என்றார், தன் நாட்டை அவமதித்தார் என்று எழுதியிருந்தார். அக்கா கத்தவில்லை. கொள்ளைக்காரர் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. அவரது குரலே அப்படித்தான் என்பது அங்கே வேலை செய்த எல்லோருக்கும் தெரியும்.

விசாரணைக்கு மேலாளர் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார். அன்று என் காதில் என்ன விழுந்தது என்று கேட்டார்.

அப்போது என் ஏஜென்சி வேலை நிரந்தரமாவதற்கான கடிதம் அந்த மேலாளரின் மேசையில் இருந்தது. அது எனக்குத் தெரியும். என் மனைவிக்கு அந்த மாதம்தான் வேலை போயிருந்தது. இவையெல்லாம் காரணங்களே தவிர நியாயங்கள் அல்ல. "நான் மற்றப் பக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்றேன்.

அக்காவுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து, காட்சிக்கூடத்திலிருந்து எடுத்து, பார்வையாளரின் கோட்டுகளை வாங்கி மாட்டும் அறைக்கு அனுப்பினார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேதான் இருந்தார். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது.

ஒரு கிழமை அவர் கண்ணில் படாமல் திரிந்தேன். பிறகு ஒருநாள் வேலை முடிந்து போகும்போது பஸ் தரிப்பில் அகப்பட்டுவிட்டேன். பக்கத்தில் வந்து இருந்தார்.

"தம்பி, உமக்குக் கேட்டது எண்டு எனக்குத் தெரியும். என்ர சத்தம் கேளாதவன் இந்தக் கட்டடத்தில இல்லை." சிரித்தார். நான் தலையைக் குனிந்தேன். "உம்மட நிலைமையும் எனக்குத் தெரியும். அவையிட்ட, கேக்கேல்லை எண்டு சொன்னதைப் பற்றி எனக்குக் கோவமில்லை. ஆனா ஒண்டு. கேக்கேல்லை எண்டு உமக்கே சொல்லிப் பழகாதையும். அப்பிடிப் பழகினால் பிறகு உண்மையாவே கேளாமல் போயிடும்."

பஸ் வந்தது. எழுந்து போய்விட்டார். அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கோட்டு மாட்டும் அறையில் அவர் சும்மா இருக்கவில்லை. எச்சரிக்கையை எடுத்துவிடும்படி ஒருமுறையும் கேட்கவில்லை. பலகையைத் திருத்தும்படி மட்டும், காட்சிப் பொருட்களுக்குப் பொறுப்பான காப்பாட்சியருக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு புதிதாக வந்த ஒரு பெண் காப்பாட்சியர் அந்த அறைக்கே இறங்கி வந்தார். அதன் பிறகு பல மதியங்கள் இருவரும் கோட்டுகளுக்கு நடுவே இருந்து கதைப்பதை நான் கண்டிருக்கிறேன். அக்கா ஆலையில் செய்த வேலையைப் பற்றி அவர் கேட்பார். அவர் கொண்டுவந்த பழைய பத்திரங்களின் பிரதிகளை அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசிப்பார்.

அக்கா ஓய்வுபெறுவதற்குச் சில கிழமைக்கு முன்னர் பலகை மாறியது. "உலகுக்கு உடை கொடுத்தது" என்ற வரி போய்விட்டது. இதற்கான பஞ்சு அமெரிக்கா, இந்தியா, எகிப்து ஆகிய நாடுகளிலிருந்து வந்தது என்றும், இதில் நெய்த துணி வங்காளத்திலும் பிற இடங்களிலும் கைத்தறி நெசவாளரின் தொழிலைப் பாதித்தது என்றும் இரண்டு வரிகள் சேர்ந்திருந்தன. நான் ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் மகிழ்ந்து போவார் என்று நினைத்தேன்.

இரண்டு தரம் வாசித்தார். "நல்லது" என்றார். பிறகு விரலால் ஒரு சொல்லைத் தொட்டார். "'வந்தது' எண்டு எழுதியிருக்கினம். பஞ்சு தானா வராது தம்பி. கொண்டு வந்தவை எண்டு எழுதவேணும். ஆர் கொண்டு வந்தவை எண்டும் எழுதவேணும்."

அன்றே அதற்கும் ஒரு கடிதம் எழுதினார். அந்தச் சொல் இன்னும் மாறவில்லை.

ஓய்வுக்குப் பிறகு தோர்ண்டன் ஹீத்தில் அவர் வீட்டுக்கு மூன்று நான்கு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று புறப்பட்டு, தேநீர் குடித்துவிட்டு, வேறு கதைகள் கதைத்துவிட்டுத் திரும்பினேன். நோய் வந்த பிறகு, வருத்தக்காரரிடம் போய் நம் பாரத்தை இறக்கக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை தகனசாலையில் இறுதிக் கிரியை நடந்தது. வேலையிடத்திலிருந்து பலர் வந்திருந்தார்கள். ஷிப்டுக்கு இடையில் வந்ததால் காவலர்கள் ஏழெட்டுப்பேர் சீருடையோடேயே நின்றார்கள். அந்தக் காப்பாட்சியர் வந்திருந்தார். மேலாளரும் வந்து மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்தார். சக ஊழியர் சார்பில் நான் பேச வேண்டும் என்று துளசி கேட்டிருந்தார். நேர்மையானவர், கடமை தவறாதவர் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எழுந்து முன்னால் போனதும் அந்தத் தாளை என்னால் வாசிக்க முடியவில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

அன்று விசைத்தறியின் முன் அக்கா அந்த ஆங்கிலேயரிடம் என்ன சொன்னாரோ, அதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். அவர் கத்தவில்லை என்றேன். யாரையும் கொள்ளைக்காரர் என்று சொல்லவில்லை என்றேன். நான் பத்து அடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டேன், கேட்கவில்லை என்று பொய் சொன்னேன், அதனால் அவர் தன் வேலையின் கடைசி வருடங்களைக் கோட்டுகளோடு கழித்தார் என்றேன். பிறகு தமிழிலும் சொன்னேன், அவரது கணவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் சிரமம்.

 மேலாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுகள் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, அதை எழுதிக் கொடுக்க முடியுமா என்று என்னிடம் மெல்லக் கேட்டார். ஓம் என்றேன். இக்கட்டுரையை முடித்ததும் நான் எழுதப்போவது அதுதான்.

துளசி என்னை ஒதுக்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். "மாமா, அம்மா இதைப் பற்றி எங்களுக்கு ஒண்டுமே சொல்லேல்லையே. கால் நோவுக்கு இருந்து செய்யிற வேலையாக் கேட்டு மாறினவா எண்டுதானே சொன்னவா" என்றார். அக்காவின் கணவரும் அப்படித்தான் நினைத்திருந்தாராம்.

உலகத்தில் யார் யார் எதை மறைத்தார்கள் என்று வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தவர், என்னை மட்டும் தன் வீட்டில்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை.

கடைசியாகப் பேழையருகே பூ வைக்க வரிசையில் போனோம். எனக்கு முன்னால் போன காப்பாட்சியர் கைகூப்பக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். என் முறை வந்தது. அக்காவின் முகம் அமைதியாக இருந்தது. பின்னால் ஆட்கள் நின்றார்கள், அதிகம் சொல்ல நேரமில்லை. சொல்லவேண்டியிருந்ததும் அதிகமில்லை.

"நான் கேட்டனான் அக்கா. எல்லாம் கேட்டனான். போயிட்டு வாங்கோ."