கதவில் கொழுவிய வளையம்

போன வியாழக்கிழமை என் வீட்டை நானே தாண்டிப் போய்விட்டேன். மோர்னிங்சைட்டில் இருபது வருடத்துக்கு மேலாக அதே வீதி, அதே வீடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் கார் தானாக வந்து நிற்கும் என்று பெருமையடிக்கிறவன் நான். மூன்று வீடு தள்ளித்தான் பிழை விளங்கியது. திரும்பி வந்து பார்த்தால், படியின் இரு பக்கமும் பெரிய சாடிகள். அவற்றுக்குள் வெட்டிய பைன் கொப்புகள், வெள்ளைத் தடிகள், சிவப்புக் காய்கள். விளக்குகள் எல்லாம் ஒரே வெள்ளை. கதவின் நடுவில் சிவப்பு நாடா கட்டிய பச்சை வளையம்.

வீட்டை விற்கப் போகிறோம். என் மனைவி தவம் போய் ஒன்பது மாதம். பிறம்ரனில் இருக்கும் மகள், தனியாக இருக்க விடமாட்டேன் என்றாள். ஓம் என்றேன். இப்போதெல்லாம் எதற்கும் ஓம்தான். வீடு விற்றுத் தருகிற பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "அங்கிள், வின்ரர்லை கார்டினும் இல்லை, புல்லும் இல்லை. முன்பக்கத்தை வடிவாக்கினாத்தான் சனம் காரை விட்டு இறங்கும்" என்றாள். அதற்கும் ஓம். வீட்டுத் திறப்பை அவளிடம் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்தேன்.

காரை விட்டு இறங்கியதும் பைன் வாசம் மூக்கில் ஏறியது. எனக்கு அது பார்க்டேல் வாசம்.

கலியாணம் முடித்த புதிதில் அங்கே ஒரு வயோதிபத் தம்பதியின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்குப் பக்கப் படி, அவர்களுக்கு முன்கதவு. இந்த நாட்டில் எங்களுக்கு அது முதல் வின்ரர். பிளாஸ்டிக் மூடி செய்கிற தொழிற்சாலையில் வேலை முடிந்து பின்னேரம் வந்தேன். முன்கதவில் பைன் கொப்பால் கட்டிய வளையம் தொங்குகிறது. எங்களுக்குத் தெரிந்த வளையம் ஒன்றுதானே, பிரேதத்தின் காலடியில் வைப்பது. கிழவர் ஒரு கிழமையாக இருமிக்கொண்டிருந்தவர் வேறு. படியில் ஓடி ஏறித் தவத்திடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, கிழவர் செத்துப் போட்டாரே?" என்று அவள் பதறினாள்.

"போட்டார் போலை. கதவிலை வளையம் கிடக்கு."

தவம் உடனே அடுப்பை நிறுத்தினாள். செத்தவீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அரிசி பாதி வெந்தபடி கிடந்தது. நான் வெள்ளைச் சேட்டு போட்டேன், அவள் ஒரு வெளிறிய சேலை. கீழே இறங்குவதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் அவளோடு பேசியது, குப்பை வாளி எந்த நாள் வெளியே வைக்கவேண்டும் என்பது மட்டும்தான். அதற்கே அந்த அழுகை.

கதவைத் தட்டினோம். கிழவர் திறந்தார், கையில் கோப்பியோடு.

நான் மனனம் செய்துகொண்டு போன ஆங்கில அனுதாபத்துக்கு வேலை இல்லாமல் போனது. தவம் அவரைக் கண்டதும் இன்னும் கூட அழுதாள். கிழவி ஓடிவந்து, விசயத்தை மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டு, சிரித்துச் சிரித்துக் கேக் வெட்டித் தந்தார். நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், வருகிறதாம், அழகுக்குக் கொழுவுவதாம். மேலே வந்து பாதி வெந்த அரிசியைத் திரும்ப அடுப்பில் வைத்தபடி, "உயிரோடை இருக்கிற மனிசனுக்கு அழுதிட்டன், நாசமாப் போக" என்று தவமும் சிரித்தாள்.

ஆனால் வளையம் என்றால் சாவு என்பது அவள் மனதை விட்டுப் போகவில்லை. சொந்த வீடு வாங்கிய பிறகு ஒவ்வொரு நவம்பரும் முன்பக்கத்தை அவள்தான் சோடிப்பாள். ஏணியில் அவள், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு "பவுத்திரம், பவுத்திரம்" என்பது என் உத்தியோகம். கலர் விளக்குகள், கதவு நிலையின் மேல் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், இடையிடையே செருகிய பைன் கொப்பு. கோயிலா கடையா என்று தெரியாத அலங்காரம். யாராவது வளையம் பரிசாகக் கொண்டுவந்தால் அது பின்வேலிக்குப் போகும். "உதை என்ரை கதவிலை கொழுவ விடமாட்டன். இஞ்சை ஆர் செத்தது?" என்பாள். அந்த வீட்டில் அவள் போட்ட சட்டம் அது ஒன்றுதான்.

அவளுடைய செத்தவீட்டில் எத்தனையோ வளையங்கள் வந்தன. நான் அழவில்லை. இன்றுவரைக்கும் இல்லை. பனியில் கையுறை இல்லாமல் விறைத்த விரல் மாதிரி, துக்கம் இருக்கிறது, ஆனால் தெரியவில்லை.

ஏஜன்ட் பிள்ளைக்கு ரெலிபோன் எடுத்தேன். "பிள்ளை, தோரணம் எங்கை?"

"அது ஃபேட் ஆகிப் போச்சு அங்கிள், எறிஞ்சாச்சு. அந்த ஆணியிலையிருந்து நாடா விட்டுத்தான் ரீத்தை, அந்த வளையத்தை, கொழுவினது. பிடிச்சிருக்கா?"

"ஓம்."

வளையத்தைக் கழற்றக் கை வைத்தேன். ஒரு நிமிட வேலை. பின்வேலியில் இடமும் இருக்கிறது. பிறகு யோசித்தேன், இத்தனை வருடத்தில் இப்போதுதானே அது வரவேண்டிய கதவுக்கு வந்திருக்கிறது. கையை எடுத்துவிட்டேன். சட்டத்தை மீறியது அவளுக்குத் தெரிந்தால் ஏசுவாள்.

சனி, ஞாயிறு சனம் வீடு பார்க்க வந்தது. எங்கள் ஆட்களும் வந்தார்கள். சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, கதவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். என் வயதுள்ள ஒரு அம்மா, யாழ்ப்பாணத்தவர்தான், வளையத்தின் நாடாவை நீவிப் பார்த்து, "நல்ல வடிவாயிருக்கு. எங்கை வாங்கினனீங்கள்?" என்றார். கடையின் பெயரை மகள் சொன்னாள்.

ஆர் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன்.