கல்லுக்குக் கொடுத்த காணி

காங்கேசன்துறைக்குப் போகும் வழியில் இருக்கிற எங்கள் வீட்டைப் பயணிகள் தங்கும் விடுதியாக்கியவள் என் மகள். நான்கு அறைகள். வருகிறவர்கள் கடலைப் பார்க்க வந்தார்கள். மறுபடி வந்ததோ எங்கள் முற்றத்து நல்லதண்ணீர்க் கிணற்றில் அள்ளிக் குளிப்பதற்காக.

எங்கும் கட்டடங்கள் எழும்பிய காலத்தில் சுண்ணாம்புக் கல்லுக்கு ஏகக் கிராக்கி. வீட்டுக்குப் பின்னாலிருந்த காணியை ஒருவர் குத்தகைக்குக் கேட்டார். மகள் வேண்டாம் என்றாள். காணி என் பெயரில் இருந்தது, கையெழுத்துப் போட்டேன். கல் அகழ வந்த இயந்திரக்காரரும் லொறிச் சாரதிகளும் மாத வாடகைக்கு எங்கள் அறைகளையே எடுத்தார்கள்.

"பாத்தியே பிள்ளை, ஒரு அறையும் சும்மா கிடக்கேல்லை," என்றேன்.

"கல்லு முடிய உவையள் வெளிக்கிட்டிடுவினம். பிறகு ஆர் வாறது?"

பள்ளம் ஆழமாக, அதில் ஊறிய தண்ணீரை இரவும் பகலும் இறைத்தார்கள். மகள் பிடிவாதமாக ஓர் அறையை மட்டும் பயணிகளுக்கென்று வைத்திருந்தாள். புழுதியைப் பொறுத்துக்கொண்டு அதில் தங்கிய ஒரு தம்பதி, ஒருநாள் காலையில் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்கள். மகள் கிணற்றில் அள்ளிச் சுவைத்துப் பார்த்தாள். உவர்.

"கீழை கடல்தண்ணி, அதுக்கு மேலை மழைத்தண்ணி மிதக்குது, ஆழத் தோண்டி இறைச்சால் உப்பு ஏறும். வகுப்பிலை கீறிக் காட்டினது நீங்கள்தானே அப்பா? படத்தை நான் பிழையாக் கீறினதுக்குக் குட்டினதும் நீங்கள்தான்."

முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன் நான். தெரியாமல் செய்யவில்லை. என் காணிக்கு மட்டும் அது நடக்காது என்று இருந்துவிட்டேன்.

குத்தகையைப் புதுப்பிக்க வந்தவரைத் திருப்பி அனுப்பினேன். சாரதிகள் போனார்கள். நான்கு அறைகளும் வெறுமையாகக் கிடந்தன.

"விளம்பரத்திலை கிணத்தைப் பற்றி ஒண்டும் போடாதை," என்றேன்.

"பொய் சொல்லியே ஆக்களைக் கூப்பிடுறது?"

கல் அகழ்ந்ததால் கிணறு உவராகிவிட்டது, குடிநீரை வெளியிலிருந்து எடுக்கிறோம் என்று அப்படியே எழுதினாள். இனி யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள். முதலில் ஓர் அறைக்கு, பிறகு இரண்டுக்கு. அவளுடைய நண்டுக் குழம்புக்காகவும், கேட்டதற்கு ஒளிக்காமல் சொல்லும் பதிலுக்காகவும் வந்தார்கள்.

போன கிழமை பாரிஸிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் வேலியருகில் நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்தது.

"ஆர் ஐயா உந்த அநியாயத்தைச் செய்தது?" என்று அந்தக் குடும்பத்தின் தகப்பன் என்னைக் கேட்டார்.

"சாப்பாடு ஆறப்போகுது, வாங்கோ," என்று மகள் பேச்சை மாற்றினாள்.

"நான்தான்," என்றேன். "மகள் வேண்டாமெண்டு சொன்னவ. நான் கேக்கேல்லை. இண்டைக்கு இந்த இடத்தை நிமித்தி வைச்சிருக்கிறது அவதான்."

அவர்கள் பள்ளத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.