சட்டை துவைத்தவளின் மனு

கூடுவாஞ்சேரிப் பக்கம் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியில் சவுரிமுத்து இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து வரும்போது தூசு படிந்து புருவம்கூட வெளுத்திருக்கும். அந்தச் சட்டையைக் கொல்லைப்புறத்தில் உதறி, ஊறவைத்து, கல்லில் அடித்துத் துவைத்தவள் அவர் மனைவி மெட்டில்டா. கம்பெனி வாசலை அவள் ஒருநாளும் மிதித்ததில்லை.

கம்பெனி மூடிப் பல வருஷம் கழித்து, சேலையூர் கல்யாண மண்டபம் ஒன்றில் பழைய தொழிலாளர்களுக்குச் சங்கம் நுரையீரல் பரிசோதனை வைத்தது. நோய் உறுதியானால் நஷ்டஈடு கேட்டு மனுப் போடலாம். கணவனைக் கூட்டிப்போன மெட்டில்டா, மண்டபத்துப் படியேறுவதற்குள் மூச்சு வாங்க மூன்று தடவை நின்றாள்.

சங்கச் செயலாளர் கேசவன் சவுரிமுத்துவின் பெயரை எழுதிவிட்டு, "அக்கா, நீங்க ஓரமா உட்காருங்க" என்றார்.

"என் பேரையும் எழுது கேசவா."

"கம்பெனியில வேலை செஞ்சவங்களுக்கு மட்டும்தான்க்கா."

"நான் அங்க போவல. அந்தத் தூசு என் வூட்டுக்கு வந்துச்சே! வாரத்துக்கு ஆறு சட்டை. உதறும்போது என் மூக்குல ஏறுனது இன்னா, பவுடரா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சவுரிமுத்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரு மெட்டில்டா, மானம் போவுது."

"மூச்சே போவுது. மானத்த வெச்சுகினு இன்னா பண்றது?"

சொல்லிவிட்டு எக்ஸ்ரே அறை வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர் அபிகாயில், எத்தனை வருஷம் துவைத்தாள் என்று மட்டும் கேட்டார். பிறகு அவளையும் உள்ளே அழைத்துக்கொண்டார்.

"புருஷனுக்கு இருக்கிற அதே தழும்பு இவங்க நுரையீரல்லயும் இருக்கு" என்று கேசவனிடம் சொன்னார். அதையே சான்றிதழாக எழுதியும் கொடுத்தார்.

இருவரும் மனுப் போட்டார்கள். சவுரிமுத்துவின் மனு ஏற்கப்பட்டது. மெட்டில்டாவுடையது திரும்பி வந்தது: 'மனுதாரர் ஊழியர் அல்லர்.'

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் பழைய தொழிலாளர்கள் வீடுகளுக்குக் கிளம்பினாள். ஒரு தெரு நடந்தால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். இரண்டு மாதத்தில் பதினொரு பெண்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் அந்தச் சட்டைகளைத் துவைத்தவர்கள், எல்லோருக்கும் இருமல். பன்னிரண்டு பேரும் சேர்ந்து கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஒரு வாய்தாவைக்கூட மெட்டில்டா தவறவிட்டதில்லை. சங்கத்தின் மாதாந்தர முகாமில் இப்போது மனைவிமாருக்கும் பரிசோதனை உண்டு, மருந்தும் உண்டு. அவர்கள் பெயரைக் கேசவனே கேட்டுக் கேட்டு எழுதுகிறார்.