டிக்கியில் ஏறிய அறுபத்திரண்டு கிலோ

புது ரெக்சினுக்கு ஒரு வாசனை உண்டு. ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி... தலை வலிக்கும், ஆனாலும் மோந்துகொண்டே இருக்கத் தோன்றும்.

நல்ல சிவப்பு ரெக்சின். அதைத் தைத்ததில் என் மிஷினில் நாலு ஊசி உடைந்தது. ரவிக்கை தைக்கிற மிஷின், பாவம், கார் சீட்டுக்கு என்ன செய்யும்?

அப்போது என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். மணலூர்பேட்டை கரும்பு விவசாயி ஒருவர், வெள்ளைக்காரன் காலத்து ஸ்போர்ட்ஸ் காரை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து விட்டார். முன்னால் ரெண்டே சீட்டு. பின்னால் மூடியைத் திறந்தால் இன்னும் ஒரு ஆள் உட்காரலாம், அதுதான் டிக்கி. இன்ஜின் செத்துப்போயிருந்தது. இவர் ஒரு பழைய வேன் இன்ஜினைக் கொண்டுவந்து, அறுத்து, ஒட்டி, அதற்குள் உட்கார வைத்தார். எட்டு மாசம். சோறுகூட ஷெட்டில்தான்.

ஒருநாள் வந்து, பாண்டிச்சேரியிலிருந்து கார் கிளப்புக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், நம்ம வண்டியைப் பார்க்கப்போகிறார்கள் என்றார்.

எங்களுக்குக் கிளப் என்றால் சாப்பாட்டுக் கடை. காரிலேயே கடை போடுகிறவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். ஹோட்டல்காரர்கள் என் கைப்பக்குவத்தைக் குறை சொல்லிவிடக் கூடாதே... முதல் நாளே மாவாட்டி, நூற்றைம்பது இட்லி ஊற்றினேன். வந்தவர்கள் ஏழு பேர், தொப்பியும் கூலிங் கிளாசுமாக. அவர்களிடம் போய், உங்க கிளப்புல சாம்பாருக்கு வெல்லம் போடுவீங்களா என்று கேட்டேன். ஏழு பேரும் முழித்தார்கள். இவர் பேனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மாற்றிக் கட்டி ஓட்டுகிறவர்களின் சங்கம் அது என்று அப்புறம்தான் புரிந்தது.

அந்தக் கிளப்பில் ஒரு வண்டியைச் சேர்க்க ஒரே விதி. கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை போய்ச் சேர வேண்டும். யாரும் தள்ளக் கூடாது, கயிறு கட்டி இழுக்கக் கூடாது. செக்ரட்டரி எங்கள் வண்டியின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது ஸ்போர்ட்ஸ் காரா, மாவு மிஷினா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்... ஆனால் காது சிவந்துபோனது எனக்குத்தான் தெரியும்.

இவர் வண்டியை ஓட்ட, விவசாயி பக்கத்தில். நான் இட்லிக் குண்டானோடு பின்னால் கிளப்புக்காரர்கள் ஜீப்பில்.

கோமுகி அணை தாண்டி மலை ஏறியதும் ரோடு பாதி தார், பாதி ஜல்லி. மூன்றாவது வளைவில் எங்கள் வண்டி நின்றது. வேன் இன்ஜின் கனம் முன்னால் அழுத்த, பின் சக்கரம் ஜல்லியில் வெறுமனே சுற்றியது. விவசாயி டிக்கிக்கு மாறி உட்கார்ந்து பார்த்தார். நோஞ்சான் மனுஷர், சக்கரத்துக்கு அவர் ஏறியதே தெரியவில்லை.

செக்ரட்டரி, இது தேறாது என்று கிளப் நோட்டை மூடப் போனார். இவர் மெதுவாக, தள்ளத்தானே கூடாது, லோடு ஏத்தலாமா என்று கேட்டார். அவர் யோசித்து, ஏத்தலாம் என்றார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சரோஜா, வந்து டிக்கியில ஏறு."

அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. "இன்னாங்க இது... கல்லு கெடக்குது பாருங்க, அத்த தூக்கிப் போடுங்க."

"கல்லு வளைவுல உருளும். நீ உருள மாட்ட. கெட்டியாப் புடிச்சிக்கினு உக்காரு."

விவசாயி இறங்கி முன் சீட்டுக்குப் போக, நான் ஏறினேன். நானே தைத்த சீட்டு, அன்றைக்குத்தான் முதன்முதலில் உட்கார்ந்தேன். குண்டானை மடியில் வைத்துக்கொண்டேன். சக்கரம் ஒரு சுற்று சுற்றியது, ரெண்டு சுற்று... அப்புறம் கவ்வியது. எனக்கு அடியில் அது கவ்வியதை இடுப்பிலேயே உணர்ந்தேன்.

வெள்ளிமலை வரைக்கும் எங்கேயும் நிற்கவில்லை.

அங்கே இட்லி சாப்பிட்டுக்கொண்டே செக்ரட்டரி நோட்டைத் திறந்தார். வண்டியில் என்னென்ன மாற்றியிருக்கிறது என்று வரிசையாக எழுத வேண்டுமாம். இவர் இன்ஜின், கியர் பாக்ஸ், ரெக்சின் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"அவ்ளோதானா?"

"டிக்கியில வெயிட்டு. சரோஜா. அம்பத்தஞ்சு கிலோ இருக்கும்."

"அறுவத்திரெண்டு" என்றேன். "போன வாரம்தான் ரைஸ் மில்லு தராசுல ஏறிப் பாத்தேன். சரியா எழுதிக்குங்க சார்."

எழுதினார். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனால் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது ரோடு வழவழவென்று இருக்கிறது. என் பேத்தி இன்ஜினியர். அவளே கார் வாங்கி, அவளே ஓட்டி, வருஷத்துக்கு ஒருதரம் எங்களை வெள்ளிமலைக்குக் கூட்டிப்போகிறாள். ஒரு கையால் வளைக்கிறாள், பார்க்கவே பெருமையாக இருக்கும். இவர் முன் சீட்டில் உட்கார்ந்து, இன்ஜின் ஓடுதா இல்லையா என்று காதைத் தீட்டிக்கொண்டே வருவார். நான் பின்னால், ஏசி காற்றில்.

எந்த வளைவிலும் வண்டி திணறுவதில்லை. நான் ஏறினாலும் அதற்கு ஒன்றுதான், இறங்கினாலும் ஒன்றுதான்.