பன்றி விழுந்த நிலம்

மலையடிவாரத்தில் மரச்சீனிக் கிழங்கு பயிரிடுவது என்றால், சர்க்கார் காட்டுப் பன்றிகளுக்குச் சம்பளமில்லாமல் சோறு போடுவது என்று அர்த்தம். குலசேகரத்துக்கு வடக்கே காட்டோரம் விளை என்று ஒரு துண்டுத் தோட்டம் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றவர்கள் சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். கவலையில் எனக்குத் தலைமயிர் கொட்டியதுதான் மிச்சம்.

கார்டு சொன்ன சட்டம்

என் வீட்டுக்காரர் இலங்கைத் தோட்டத்தில் கங்காணி வேலைக்குப் போயிருந்தார். விளை என் தலையில். அந்த நேரம் பார்த்துக் காட்டு கார்டு வந்து, புதுச் சட்டம் என்று சந்தியில் நின்று சொன்னார். காட்டு மிருகத்தைக் கொல்லக் கூடாது. வேலிக்குள் புகுந்து பயிரைத் தின்றால் மட்டும் கொல்லலாம். செத்த மிருகம் யார் நிலத்தில் கிடக்கிறதோ, அவர்தான் பதில் சொல்லவேண்டும்.

எனக்கு வேலி கிடையாது, மண் வரம்புதான். "அப்போ எனக்க விளையில பன்னி வந்தா நான் என்ன செய்யணும் சாமி?" என்று கேட்டேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"சத்தம் போட்டு விரட்டலாம். ஆனா அது பயந்து ஓடி எங்கயாவது விழுந்து செத்தா, அதுக்கும் நீங்கதான் பொறுப்பு!"

திங்கள்சந்தையில்

பன்றி தின்றது போக மிச்சத்தைப் பிடுங்கி, என்னோடு வேலை செய்யும் தங்கம்மையும் நானும் திங்கள்சந்தைக்குச் சுமந்தோம். கடித்த இடத்தை வெட்டிவிட்டு, வெட்டுத் தெரியாமல் அடுக்கிவைப்பது தங்கம்மையின் கெட்டிக்காரத்தனம். இரணியலிலிருந்து வந்த ஒரு அம்மாள் அடுக்கைக் கலைத்து, அடியிலிருந்த கிழங்கைத்தான் எடுத்தாள். பல் பட்ட தடம் அப்படியே இருந்தது.

"பன்னி கடிச்சதுன்னா ருசி இருக்குன்னுதானே அர்த்தம் அக்கா?" என்றாள் தங்கம்மை, கூசாமல். அந்த அம்மாள் கிழங்கைத் திரும்ப வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பன்னியே மிச்சம் வச்சிட்டுப் போன கிழங்கை நான் எனக்க மாப்பிளைக்கு அவிச்சுக் குடுக்கவா?"

வேலி நடந்தது

சட்டத்தால் லாபம் அடைந்தவர் ஒருவர் உண்டு. பக்கத்து விளைக்காரர் பொன்னையா. வேலி இருந்தால்தானே பாதுகாப்பு என்று சொல்லி முள்வேலி போட்டார். நான் கொல்லங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள், எல்லைக் கல்லைத் தாண்டி என் பக்கம் வந்து நின்றது வேலி. ஓடைக்கரையில் இருந்த கிழங்கு, என் அப்பா வைத்த பலாமரம், எல்லாம் அவர் வேலிக்குள். அந்த மரத்தில் காய்க்கும் சக்கைதான் ஆடி மாதத்தில் என் பிள்ளைகளுக்குக் கஞ்சிக்குத் துணை.

ஊர் அதிகாரியிடம் போய் அழுதேன். அளக்க ஆள் வரும் என்றார். யாரும் வரவில்லை. பொன்னையாவிடமே கேட்டேன்.

"நான் பன்னிக்குத்தானே வேலி போட்டேன் அக்கா, நீங்க எதுக்குக் கெடந்து சாடுதிய?"

வலத்தொடை

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வேட்டையில் குத்தியவனுக்குத் தலை, மிருகம் விழுந்த நிலத்துக்காரனுக்கு வலத்தொடை. ஒருநாள் காலையில் நானும் தங்கம்மையும் விளையில் நிற்கும்போது, பொன்னையாவும் அவர் மச்சானும் நாய்களோடு காட்டுக்குள்ளிருந்தே ஒரு பன்றியை விரட்டிவந்தார்கள். அது வேலிக்கடியில் மண்ணைப் பறித்து உள்ளே நுழைந்து, என் பலாமரத்தடியில் நின்று, அந்த ஓட்டத்திலும் ஒரு கிழங்கைக் கவ்வியது. சர்க்கார் பன்றி அல்லவா! பொன்னையா ஈட்டியால் குத்திச் சாய்த்தார். பிறகு அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி, "குத்தினவனும் நான், நிலமும் எனக்க நிலம்! தலையும் எனக்கு, தொடையும் எனக்கு!" என்று கத்தினார்.

கத்தியது கார்டுக்கும் கேட்டுவிட்டது.

"இது யாருக்க நிலம்?" என்று கேட்டபடி வந்தார் கார்டு. பொன்னையாவின் கால் பன்றிமேலிருந்து தானாக இறங்கியது. காட்டிலிருந்து விரட்டிவந்தது தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், சட்டத்தில் தனக்குச் சாதகமான பாதி அவருக்கு மறந்தே போயிற்று. "ஐயோ சாமி, இது அக்காளுக்க நிலமாக்கும்! அந்தா பாருங்க பழைய எல்லைக் கல்லு. எனக்க வேலி தெரியாம இங்கோட்டு வந்துட்டு" என்றார்.

கார்டு என் பக்கம் திரும்பினார். இல்லை என்றால் மரம் போகும். ஆமாம் என்றால் கேஸ் வரும். தங்கம்மை என் இடுப்பில் இடித்து, பன்றியின் வாயைக் கண்ணால் காட்டினாள்.

"எனக்க நிலம்தான் சாமி" என்றேன். "சுத்தி வேலி நிக்குது. பன்னிக்க வாயில எனக்க கிழங்கு இருக்கு. நீங்க சந்தியில சொன்ன சட்டம் இதுதானே?"

கார்டு வேலியைப் பார்த்தார், குனிந்து வாயைப் பார்த்தார். கேஸ் இல்லை என்றார். ஆனால் பன்றி சர்க்கார் சொத்து என்று சொல்லி, பொன்னையாவையும் மச்சானையுமே கம்பில் கட்டித் தூக்கவைத்து, தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். சர்க்கார் அன்று மதியம் அதை மிளகு போட்டு வறுத்ததாகத் தங்கம்மை மணம் பிடித்துச் சொன்னாள். தோளில் கம்போடு போகும்போது பொன்னையா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நிலம் ஒங்களுக்குன்னு எனக்க வாயாலயே சொல்லிட்டேன், அந்த வேலிக் கம்பையாவது நான் புடுங்கிக்கிடட்டா அக்கா?"

என் எல்லையைக் காட்டிக்கொடுக்க சர்க்காரில் எத்தனையோ பேர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்த வேலையைச் செய்தது, காலமெல்லாம் என் சோற்றைத் தின்ற கூட்டத்தில் ஒரு பன்றிதான்.